முள்ளு ஏறல

அதிகம்தான். யாரு இல்லன்னது? இந்தப் பக்கத்துலயே என் லேபர் கூலிதான் அதிகம். தெரிஞ்சுதான் எல்லாரும் வர்றாங்க. நீங்க தெரியாம வந்துட்டீங்க போல. சரி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க சார். அதுல இல்ல, அது கால் ஆடும். சுவரோரம் கிடக்கே, அது. மேல இருக்கிற பேட்டரியை எறக்கி வச்சிட்டு உக்காருங்க. சட்டையில ஆசிட் பட்டுறப் போகுது, நல்ல சட்டை.

ஏன், சார்னு சொன்னா கூசுதா? கூசட்டும். காலையில யாரு சொன்னது, உங்களுக்கும் எனக்கும் இனிமே ஒண்ணும் கிடையாதுன்னு? இதே வாசல்ல நின்னு, பக்கத்து டயர் கடைக்காரன் காதுல விழற மாதிரி? நான் சொல்லல. பெத்த பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் எடுத்துக்கிட்டேன். நமக்குள்ள ஒண்ணும் கிடையாதுன்னா, ஷெட்டுக்குள்ள வர்ற நீங்க கஸ்டமர். கஸ்டமர்னா சார். சார்னா முழு லேபர். இதுல எங்க தப்பு?

அப்பாவா? இருங்க, இருங்க. அவசரப்படாதீங்க. வார்த்தைய விட்டுட்டு அப்புறம் முழிக்காதீங்க. இங்க எப்படின்னு உங்களுக்குத் தெரியும், சின்னதுல நீங்களே பாத்திருக்கீங்க. அண்ணேன்னு ஆரம்பிக்கிறவன் லேபர்ல கால்வாசி குறைக்க வர்றான். சித்தப்பான்னா பாதி. மாமான்னு ஒருத்தன் வந்தான், அவன் கடனுக்கே அடி போட்டான். அன்னிலேருந்து உறவு சொல்லிக் கூப்பிடறவனுக்கு அந்தந்த உறவுக்குத் தக்கபடி ஏத்திடறது. அண்ணேக்குக் கொஞ்சம், மாமாவுக்கு நிறைய. அப்பான்னு இந்த ஷெட்டுல ஒருத்தனும் கூப்பிட்டதில்ல, அதுக்கு இன்னும் ரேட்டே போடல. நீங்க ஆசைப்பட்டா இப்பவே போட்டுடலாம். வேணாமா? அப்ப மேஸ்திரின்னே சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் நல்லது.

தெரியும் சார். நீங்க இங்க கொண்டாரச் சொல்லலன்னு தெரியும். மெயின் ரோட்டுல எந்த வண்டி படுத்தாலும் கட்டி இழுக்கிறவன் இங்கதான் கொண்டாந்து எறக்குவான். வண்டிக்கு இவ்வளவுன்னு எங்கிட்ட வாங்கிப்பான். உங்க வண்டிக்கும் வாங்கிட்டுத்தான் போறான். பல்லை இளிச்சிட்டு நின்னான் பாத்தீங்களா, மேஸ்திரி, உங்க பையன் வண்டின்னு. பையன் கிய்யன் இல்லடா, யாரோ ஒரு சார் வண்டின்னு சொல்லி அனுப்பிட்டேன்.

வேற எடத்துக்கா? தாராளமா எடுத்துட்டுப் போங்க. பாலத்துக்கு அந்தாண்ட ஒருத்தன் வச்சிருக்கான், கண்ணாடி ரூம், ஏசி. உக்கார வச்சு குடிக்கத் தண்ணி குடுப்பான். கம்ப்யூட்டர்ல உங்க பேரை ஏத்துவான். வண்டியத் தொடறதுக்கு முந்தி பாதிப் பணத்தை மேசையில வைக்கச் சொல்வான். வச்சிருக்கீங்களா? அதான பாத்தேன். இருந்ததெல்லாம் இந்தத் தகரத்துல கொட்டியாச்சு, போதாததுக்கு மாசத் தவணை. அப்ப எந்த ஏசிக்குப் போகப் போறீங்க? உக்காருங்க.

இங்க வாங்க. கிட்ட வாங்க, கடிக்காது. இந்தக் குச்சியை உருவறேன், பாருங்க. இது என்ன? ஆயிலா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது டீ. பால் தூக்கலாப் போட்ட டீ. தண்ணியும் ஆயிலும் உள்ள கைகோத்துக்கிட்டு சுத்துது. ரெண்டையும் பிரிச்சு வைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருச்சு. அது மட்டும்னா பரவால்ல. அந்தக் கொதியில ஹெட்டே வளைஞ்சிருக்கும். பிரிச்சு லேத்துக்கு அனுப்பி மட்டம் பாக்கணும், தேய்க்கணும். தேய்ச்சா தேறுமா தேறாதான்னு லேத்காரன்தான் சொல்லணும். தேறலன்னா பழைய இரும்புக் கடையில வேற ஹெட் தேடணும். அது தனி அலைச்சல்.

மொத்தமா ஒரு ரேட்டா? அதெல்லாம் ஏசி ரூம்ல. இங்க சாமான் தனி, லேத் கூலி தனி, என் லேபர் தனி. கேஸ்கெட் என்ன, ஒரு ஜோடி செருப்பு விலை. செருப்பு விலை சாமானை மாத்தறதுக்கு இவ்வளவு கூலியான்னு எல்லாரும்தான் கேக்கறான். செருப்பு கிணத்துக்கு அடியில கிடக்குது சார். எறங்கி எடுக்கிறவனுக்குத்தான் கூலி.

எவ்வளவுன்னா, வண்டி என்ன விலைக்கு வாங்கினீங்களோ அதுல பாதின்னு வச்சுக்குங்க. கூடலாம், குறையாது. மூஞ்சிய ஏன் தொங்கப் போடறீங்க? இந்த ஊர்ல பழைய வண்டி வாங்கற எல்லாரும் என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டுத்தான் பணம் குடுப்பான். பானட்டைத் தொறக்கணும்னு கூட இல்ல, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு வெளிய நின்னாப் போதும், சொல்லிடுவேன். எனக்குப் பொறந்ததா ரேஷன் கார்டுல எழுதியிருக்கிற ஒரு சாருக்கு மட்டும் ஒரு போன் போடத் தோணல. போன்ல படத்தைப் பாத்து வாங்கியிருக்கார். படத்துல வண்டி நல்லாத்தான் இருந்திருக்கும். கல்யாண போட்டோவுல நானும் நல்லாத்தான் இருந்தேன்.

அது இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. ஏன் நிறுத்தல? டவுனைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஹைவேயில ஏறி, புகை மூஞ்சியில அடிக்கிற வரைக்கும் ஓட்டியிருக்கீங்க. கண்ணு எங்க போச்சு? சூடு காட்டற முள்ளு?

ஏறலயா.

ஆமா. ஏறாது. டோ வண்டிக்காரன் போனதும் நான் மொதல்ல அதைத்தான் பாத்தேன். டேஷ்போர்டுக்கு அடியில தலையை விட்டு, கழுத்துப் பிடிச்சுக்கிச்சு. இந்தாங்க, கையை நீட்டுங்க. மிளகு சைஸ்ல இருக்கே, இது என்னன்னு தெரியுதா? இதை ஒயருக்கு நடுவுல கட்டிவிட்டா முள்ளு பாதியிலயே நிக்கும். இன்ஜின் ஐஸா இருந்தாலும் பாதி, நெருப்பா எரிஞ்சாலும் பாதி. பரீட்சை ஹால்ல உக்காந்திருக்கிற நல்ல பிள்ளையாட்டம் ஆடாம அசையாம நிக்கும். உங்களுக்கு வித்தவன் பண்ண வேலை. ரேடியேட்டர்ல ஒழுக்கு அடைக்கிற பவுடரைக் கொட்டி வச்சிருக்கான், பாதிக் குழாய் அடைச்சுக் கிடக்கு. சூடு ஏறும்னு அவனுக்குத் தெரியும். ஏறறது உங்களுக்குத் தெரியக் கூடாது, அதுக்கு இந்த மிளகு.

கிலோமீட்டரைத் திருப்பி வை, வேணாங்கல. துருவுக்கு மேல பெயிண்ட் அடி, அடிச்சுக்கோ. எல்லாரும் பண்றதுதான், நானும் அதைக் கண்டுபிடிச்சுத்தான் சோறு தின்னேன். முள்ளுல மட்டும் கை வைக்கக் கூடாது. வண்டிக்கு வாய் அது ஒண்ணுதான். அந்த வாயில துணியை வச்சு அடைச்சிருக்கான் நாசமாப் போறவன். எங்கையில கிடைச்சான்னா இதே மிளகை அவன்... எனக்கு ஏன் இவ்வளவு கோவமா? கோவம் வரும். என் வண்டி இல்லதான், அதுக்காக வரக் கூடாதா? உங்களுக்கு வரல, அதுதான் எனக்கு அதிசயம்.

ரேடியேட்டர் தண்ணியா? போயிருக்கு. கீழ் ஹோஸ், அந்த ரப்பர் குழாய் வழியாப் போயிருக்கு. புது ஹோஸ்தான், பாத்தேன். புதுசுலயும் போகும். சும்மா அதையே கேக்காதீங்க, வர்றேன் அதுக்கு.

மொதல்ல இதைச் சொல்லுங்க. பின்சீட்டு ஏன் காலியா வந்துச்சு? வண்டியை எறக்கறப்பவே பாத்தேன். கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கஸ்டமர் வண்டியில யாரு வந்தா என்ன, வராட்டி என்ன. டிக்கியில உங்க அம்மா பை அப்படியே இருக்கு. அவ எங்க?

பஸ்ஸுலயா?

எந்த பஸ்ஸு? யாரு ஏத்திவிட்டா? என்னடா சொல்ற, அவளா கை காட்டி நிறுத்தினாளா? ஹைவேயில நின்னா? இந்தத் தெரு முனைக்கடைக்குப் போறதுன்னாலும் ஷெட்டு வாசல்ல வந்து நின்னு என் மூஞ்சியப் பாத்துட்டுப் போறவடா அவ. பஸ்ஸை நிறுத்தினாளா? நீ பாத்துட்டு நின்னியா? பெத்தவளைத் தனியா பஸ் ஏத்தி அனுப்பிட்டு இந்தத் தகரத்துக்குக் காவல் நின்னிருக்கியே, உன்னை என்ன சொல்றது. கண்டக்டர் கூப்பிட்டா அவளுக்குக் கேக்குமா? எறங்க வேண்டிய எடத்துல எறங்குவாளா?

நீ தடுத்தியா. சரி. தடுத்ததுக்கு என்ன சொன்னா? வார்த்தை மாத்தாமச் சொல்லு, நீ ஒண்ணும் சேக்காத.

ம்.

வண்டி எங்க வேணா போகட்டும், நான் அந்த ஷெட்டுக்குத் திரும்ப மாட்டேன்னா. வீட்டுக்குன்னு கூட சொல்லல, ஷெட்டுக்குன்னா. முன்னாடி ஷெட்டு, பின்னாடி வீடு, நடுவுல ஒரு கதவு. அவளுக்கு எல்லாம் ஒரே ஷெட்டு ஆயிருச்சா. நல்லது.

போன் போடு. எனக்கு என்னத்துக்கு, உன் பொண்டாட்டிக்குப் போடு. உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல போய் நிக்கச் சொல்லு. முன்னாடியே போய் நிக்கச் சொல்லு, பஸ்ஸு வந்தப்புறம் கிளம்பாம. போட்டாச்சா? போயிட்டாளா? உன்னை மாதிரி இல்ல, கொஞ்சம் விவரமாத்தான் இருக்கா. கட்டிக்கிட்டதுல மட்டும் தப்புப் பண்ணிட்டா.

காலையில நீ பேசின பேச்சு நல்லா இருந்துச்சு. நெசமாத்தான் சொல்றேன். தெரு முனையில வர்ற வண்டிச் சத்தத்தை வச்சு எந்த சிலிண்டர்ல கோளாறுன்னு சொல்ற மனுசனுக்கு, ஒரே வீட்டுல இருக்கிற பொண்டாட்டிக்குக் காது செத்துப்போனது தெரியலன்னு சொன்ன பாரு. டயர் கடைக்காரன் கூட தலையை ஆட்டினான். பாதி ராத்திரி முழிச்சு யோசிச்சு வச்சிருந்தியோ. ஆனா எனக்குத் தெரியாதுன்னு உனக்கு யாரு சொன்னா? உனக்கு முந்தியே எனக்குத் தெரியும். வலது காது. அதனாலதான் நான் திட்டறதுன்னா இடது பக்கமாப் போய் நின்னு திட்டுவேன். வீணாப் போகக் கூடாதுல்ல.

டின்னைத் தட்டிக் கூப்பிட்டேன். ஆமா, தட்டினேன். காது கேக்காதவளை வேற எப்படிக் கூப்பிடுவாங்க? காது நல்லா இருந்தப்பவும் தட்டினேன்னா, அது வேற. ரெண்டு கையிலயும் கிரீஸா இருக்கும், ஸ்பேனரால டின்னுல ஒரு தட்டு தட்டினா டீ வரும். அவளுக்கும் பழகிப்போச்சு. பிடிக்கலன்னா சொல்லியிருக்கணும். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அவளும் கேக்கல, அவ காதும் கேக்கல, நான் என்ன பண்ண முடியும்?

சிரிப்பு வரலயா? எனக்கும் வரல.

நீ உள்ள போய் அம்மா கிளம்புன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்ன. நான் வாசல்ல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். அவ ஒரு கேள்வி கேக்கல. நாளைக்குப் போலாமா, எத்தனை நாளைக்கு, அவருக்குச் சோறு யாரு பாப்பான்னு ஒரு பேச்சு இல்ல. சேலையெல்லாம் முன்னாடியே மடிச்சு வச்சிருந்தா. எடுத்து அடுக்க வேண்டியதுதான் பாக்கி. அடுப்பை அணைச்சா, செருப்பை மாட்டினா. என் பக்கத்துல வந்து நின்னு, போறேன்னா. எத்தனை வருசம் ஒருத்தன்கூடக் குடித்தனம் பண்ணவ, போயிட்டு வரேன்னு சொல்றதுக்கு அப்படி என்ன கஷ்டம்? வாயில வந்துடும் அது, கடைக்குப் போறவனே சொல்றான். இவ யோசிச்சு, அந்த வரேனை மட்டும் எடுத்து உள்ள வச்சுக்கிட்டு, போறேன்னா.

நான் என்ன சொன்னேனா? போன்னேன். வேற என்ன சொல்றது.

சரி, அதெல்லாம் விடு. வியாபாரத்துக்கு வருவோம். ஒரு வழி இருக்கு, காதைக் குடுத்துக் கேளு. உனக்குத்தான் ரெண்டும் நல்லா இருக்கே. லேபர் வேணாம். ஒத்தைக் காசு வேணாம். சாமானும் நானே போடறேன், லேத்துக்கும் நானே குடுத்துக்கறேன். ரேடியேட்டர் புதுசு, முள்ளு புதுசு. பத்து வருசத்துக்கு நீ பானட்டைத் தொறக்க வேண்டாம். காது டாக்டர்கிட்டக் காட்டு, என்ன வேணா காட்டு, மிஷின் வைக்கணும்னா வையி. அப்புறம் அவளைக் கொண்டாந்து இங்க விட்டுடு. அவ்வளவுதான். இதை விட மலிவா உனக்கு எவன் செஞ்சு குடுப்பான்?

என்ன தலையாட்டற? யோசிச்சுச் சொல்லு. ஒரு நிமிசம் யோசிக்கக் கூட மாட்டியா? தவணை கட்டணும், வண்டி இல்லாம வேலைக்குப் போகணும், அவளை ஆஸ்பத்திரிக்குப் பஸ்லதான் இழுத்துட்டு அலையணும். எல்லாத்தையும் நினைச்சுப் பாத்துட்டுத்தான் தலையாட்டறியா? அவளைக் கேட்டுட்டாவது சொல்லேன். கேக்க வேண்டியதில்லயா. அம்மா என்ன ஸ்பேர் பார்ட்டான்னா கேக்கற? ஸ்பேர் பார்ட்டுன்னா நான் ஏன்டா இவ்வளவு பேசறேன், கடையில போய் வேற வாங்கிட்டு வந்திருக்க மாட்டேனா?

சரி. முழு லேபர். தவணையில கட்டறேன்னாலும் ஒத்துக்கறேன். மாசா மாசம் நேர்ல வந்து கட்டணும். ஆன்லைன்ல அனுப்பறது கிடையாது. தனியாத்தான் வரணும்னு இல்ல, யாரை வேணா கூட்டிட்டு வரலாம்.

அய்யோ, மறுபடியும் தண்ணி. விடவே மாட்டியா நீ? புது ஹோஸு, புது கிளிப்பு, அது எப்படி கழண்டுச்சுன்னு என்னைச் சுத்திச் சுத்திக் கேக்கற. வித்தவன் சரியா மாட்டலன்னு சொன்னா நம்பிக்குவியா? மாட்ட. கிளிப்புல புதுசா ஸ்க்ரூ டிரைவர் பட்ட கீறல் இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டியா. பரவால்லயே, கொஞ்சமாவது என் ரத்தம் ஓடுது.

நான்தான்டா தளத்தினேன்.

நீ உள்ள அவ பையைக் கட்டிட்டிருந்தப்ப. வண்டி வாசல்ல நின்னுச்சு, கைக்கு எட்டற தூரத்துல. கீழ் ஹோஸ் கிளிப்பை லேசாத் தளத்தி விட்டேன், அவ்வளவுதான். சொட்டுச் சொட்டாத்தான் போகும். பெரிய சிக்னலுக்குப் போறதுக்குள்ள முள்ளு ஏறணும். ஏறினா நீ நிறுத்துவ. நிறுத்தினா எனக்குத்தான் போன் போட்டாகணும், வேற யாரு இருக்கா உனக்கு இங்க? நான் வந்து தண்ணியை ஊத்தி கிளிப்பை முறுக்கிட்டு, இதை நம்பி அவ்வளவு தூரம் போக முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்வேன். வெயில்ல நின்னு அவளுக்கும் தலை சுத்தியிருக்கும். நடந்தே வீட்டுக்கு வந்திருப்பா. வந்து அடுப்பைப் பத்த வச்சிருப்பா. கணக்கு இதுதான். இன்ஜினைக் காலி பண்ணணும்னு நினைச்சிருந்தா அதுக்குக் கை வைக்கிற எடம் வேற, அது எனக்குத் தெரியாதா? முள்ளு பொணமாக் கிடக்குன்னு நான் கண்டேனா? வாங்கறதுக்கு முந்தி எங்கிட்டக் காட்டியிருந்தின்னா மொதல் நாளே சொல்லியிருப்பேன். தப்பு யாரோடது, யோசிச்சுப் பாரு.

என்னை அப்படிப் பாக்காத. பேசறதுன்னா பேசு. பையை எடுத்துட்டுப் போ, அதுல அவ மாத்திரையும் இருக்கும், ராத்திரிக்கு வேணும். கடைசி பஸ்ஸு போறதுக்குள்ள கிளம்பு.

சாவியை அங்க மாட்டு. நாளைக்கு ஹெட்டைப் பிரிக்கறேன். லேத்காரன் சொன்னதும் மொத்தம் எவ்வளவுன்னு சொல்லி அனுப்பறேன். கேஸ்கெட், வாட்டர் பம்பு, ரேடியேட்டர் கழுவறது, லேத் கூலி, அப்புறம் என் லேபர். கிளிப்பைத் தளத்தினதுக்கு ஒண்ணும் போட மாட்டேன்.